ஓர் ஒற்றின் எடை

பள்ளி வீட்டுப்பாடங்களில் எப்போதும் காணக்கூடிய கணக்கு இது: 252 கிராம் சோடியம் சல்பைட்டில் எத்தனை மோல்கள் உள்ளன? கோவையில் தமிழ்வழியில் படிக்கும் மாணவி முதலில் பெயரைப் பிரிப்பாள். ‘சல்பைட்டு’ என்றால் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன் அணுக்கள். சோடியம் இரண்டு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று, 46, 32, 48, கூட்டினால் 126. விடை இரண்டு மோல். இதே வரியை யாழ்ப்பாணத்தில் தமிழ்வழியில் படிக்கும் மாணவியிடம் கொடுத்தால் அவள் கணக்கில் ஆக்சிஜனே வராது. நாம் ‘சல்பைடு’ என்று எழுதுவதைத்தான் இலங்கைப் பாடநூல்கள் ‘சல்பைட்டு’ என்று எழுதுகின்றன. நம் ‘சல்பைட்டு’ அங்கே ‘சல்பைற்று’. ஆகவே அவளுக்குச் சோடியம் இரண்டு, கந்தகம் ஒன்று, 78. விடை ஏறக்குறைய 3.23 மோல். இருவரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சல்பைடு, சல்பைட்டு. நம் பக்கத்து எழுத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது ‘ட்’ என்ற ஓர் ஒற்று மட்டுமே. அந்த ஒற்றின் எடை, மோல் ஒன்றுக்கு 48 கிராம். எடையோடு நின்றால் பரவாயில்லை. சோடியம் சல்பைடு தோல் பதனிடுவோர் மயிர் நீக்கப் பயன்படுத்துவது. அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயுவை விடும். சோடியம் சல்பைட்டு உணவுப்பொருள் கெடாமலிருக்கச் சிறு அளவில் சேர்க்கப்படுவது. அதில் அமிலம் பட்டால் எழுவது கந்தகம் எரியும் நெடி.

தமிழில் வேதியியல் எழுதிய வரலாற்றைப் புரட்டினால் சொற்களுக்காக நடந்த சண்டைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பிராணவாயுவா, உயிர்வளியா, ஆக்சிஜனா என்பதில் மூன்று தலைமுறை மோதியிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டைகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைப் பற்றியவை. வீட்டுப்பாடத்தில் மாணவர் இடறி விழுவதோ விகுதியிலும் எண்ணிலும். இந்த வரலாற்றின் முக்கியமான சில அத்தியாயங்கள் சேலத்திலும் கோவையிலும் எழுதப்பட்டன என்பதால், கொங்கு நாட்டை மையமாக வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வேதியியலில் பெயரிடுதல் மற்றத் துறைகளில் பெயரிடுவது போன்றதன்று. நம்மிடம் வேதிப்பொருள்களுக்குப் பெயர் இல்லாமலில்லை. படிகாரம், நவச்சாரம், வெங்காரம், வெடியுப்பு, அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பட்டியல் நீளும். சித்த மருத்துவ நூல்கள் பாடாணங்கள் 64 என்று வகுத்தன. பாதரசமும் குளோரினும் சேர்ந்த சேர்மங்கள் இரண்டையும் நம்மவர்கள் செய்தார்கள், பிரித்தறிந்தார்கள், பெயரும் இட்டார்கள்: ஒன்று பூரம், மற்றது வீரம். பின்னது கொடிய நஞ்சு என்பதும் தெரிந்தே இருந்தது. எனினும் பூரம், வீரம் என்ற பெயர்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இரண்டிலும் இருப்பவை ஒரே தனிமங்கள் என்பது தெரியவராது. மயில்துத்தம், வெள்ளைத்துத்தம், அன்னபேதி மூன்றுமே சல்பேட்டுகள்: முறையே தாமிரம், துத்தநாகம், இரும்பு. முதலிரண்டுக்கும் ‘துத்தம்’ என்று குடும்பப் பெயர் அமைந்துவிட்டது. மூன்றாவது வெளியே நின்றது. ஒரு முறைமை அரும்பி, பாதியில் நின்றுபோனதை அந்த மூன்று பெயர்களிலேயே காணலாம்.

ஐரோப்பாவிலும் நிலைமை இப்படித்தான் இருந்தது. 1787இல் கித்தோன் த மோர்வோ, லவாசியே, பெர்த்தொல்லே, ஃபூர்குரோவா ஆகிய நால்வர் பாரிசில் வெளியிட்ட பெயரிடும் முறைதான் அதை மாற்றியது. ஒரு பொருளின் பெயர் அதில் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சொல்லவேண்டும். ஆக்சிஜன் மிகுந்திருந்தால் ஒரு விகுதி, குறைந்திருந்தால் வேறு விகுதி. அதாவது அவர்கள் தந்தது அகராதியன்று, இலக்கணம். பின்னர் டால்டன் அணுவுக்கு எடை கொடுத்தார். பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு கொடுத்தார். 1890களில் ஓஸ்ட்வால்ட் ‘மோல்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரிலிருந்து வாய்பாடு, வாய்பாட்டிலிருந்து எடை, எடையிலிருந்து மோல் என்று சங்கிலி முழுமையாயிற்று. இன்றைய வீட்டுப்பாடம் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான். முதல் கண்ணியாகிய பெயர் அறுந்தால் பின்னே வருவது எல்லாம் பிழை.

இந்த இலக்கணத்தை முதன்முதலில் தமிழுக்குக் கொண்டுவரப் பெருமுயற்சி செய்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் முயற்சியில் உருவான வேதியியல் நூல் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. அதன் பெயர் ‘கெமிஸ்தம்’. துறையின் பெயரையே ஒலிபெயர்த்து, தமிழ் ஈறு கொடுத்து, நூலின் நெற்றியில் வைத்துவிட்ட துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல் நிலைக்கவில்லை. ஆனால் வெளிச்சொல்லை எடுத்து அதற்குத் தமிழ் உடல் கொடுக்கும் வழக்கம் ஈழத்தில் நிலைத்தது. காபன், ஒட்சிசன், ஐதரசன் என்று இன்றும் அங்கே எழுதுகிறார்கள்.

சேலத்துக்கு வருவோம். 1916இல் அங்கே வக்கீலாக இருந்த சி. ராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து, தமிழில் சாஸ்திரச் சொற்களை வகுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இதழும் நடத்தினார்கள். பல்கலைக்கழகம் இல்லாத, அரசின் ஆணையும் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில், நீதிமன்ற வேலைக்கு நடுவே செய்த காரியம் அது. புதுச்சேரியிலிருந்த பாரதி அம்முயற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். இதழ் வெளிவந்த மொழி ஆங்கிலம். இதைக் கேலியாகச் சொல்ல வேண்டியதில்லை. விஞ்ஞானம் படித்தவர்கள் அன்று ஆங்கிலத்தில்தான் படித்திருந்தார்கள். அவர்களோடு பேச வேறு மொழி கைவசம் இல்லை. ஆனால் சொல் உருவாகும் அறையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தப்போகும் குழந்தை இல்லை என்பது அன்று தொட்டே நம்மைத் தொடர்கிறது.

ராஜாஜி அதோடு விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூல் எழுதினார். ‘தமிழில் முடியுமா?’ என்று கேள்வியையே தலைப்பாக வைத்தும் எழுதினார். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும், கல்விக் கொள்கையை வெறுத்தவர்களும்கூட இந்த நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ரசாயனத்தைச் சோதனைச்சாலையிலிருந்து இறக்கித் திண்ணையில் உட்காரவைக்க வேண்டும் என்ற எண்ணமே அன்றைக்குப் புதிது. அவர் சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை; ‘ரசாயனம்’ என்பதே பாடநூலில் வேதியியல் ஆகிவிட்டது.

அடுத்த இருபதாண்டுகள் சென்னையைச் சேர்ந்தவை, சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. அவர் ஈழத்தவர், விஞ்ஞானம் பயின்றவர், விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். மாநாட்டின் பயனாகக் கலைச்சொற்கள் தொகுதி 1938இல் வெளிவந்தது. 1940இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தபோது அது வடமொழிச் சார்புடையது என்று கண்டனம் எழுந்து, தமிழறிஞர்கள் பின்னர் சேர்க்கப்பட்டனர். வடசொல்லா, தென்சொல்லா, ஆங்கிலமா என்ற மும்முனைப் போர் அது. அவசியமான போர்தான், மறுக்கவில்லை. அதன் பயனாகவே தனிமம், சேர்மம், அமிலம், இணைதிறன் போன்ற சொற்கள் இன்று உறுத்தாமல் வாயில் வருகின்றன. ஆனால் போர் நடந்தது எல்லாம் வேர்ச்சொல்லில்.

1946இல் திருப்பூரைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் தொடங்கி நடத்தி வந்தவர். அமைச்சரான அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அது எடுத்த பெரும்பணி கலைக்களஞ்சியம்: 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகள், 1968இல் இணைப்புத் தொகுதி. முதன்மை ஆசிரியர் பெ. தூரன், ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். இசை அன்பர்கள் அவரைக் கீர்த்தனங்களால் அறிவார்கள். கலைக்களஞ்சியம் அகரவரிசையில் அமைந்தது என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். சற்று யோசித்தால் அது எத்தகைய நிர்ப்பந்தம் என்று விளங்கும். கட்டுரைக்கு நடுவே ஒரு சொல்லை மூன்று விதமாக எழுதிச் சமாளிக்கலாம். தலைச்சொல்லாக வைக்கும்போது ஒன்றைத்தான் வைக்க முடியும். அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதில் அந்தக் கட்டுரை எந்தத் தொகுதியில் வரும் என்பது தீர்மானமாகிறது. குழு கூடி விவாதித்துத் தள்ளிப்போட்ட முடிவுகளை அச்சுக்கோப்பவர் காத்திருக்கும்போது எடுக்கவேண்டும்.

அதே காலத்தில் கோவையிலிருந்து இன்னொரு வழி திறந்தது. பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ அறிவியலுக்கென்றே வந்த மாத இதழ். பஞ்சாலையும் இயந்திரப் பட்டறையும் நிறைந்த ஊரில், பொறியியல் கல்லூரிக்காரர் ஒருவர் இத்தகைய இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தியது தற்செயலன்று என்றே நினைக்கிறேன். கலைக்களஞ்சியம் நூலகத்தில் இருக்கும். மாத இதழ் வீட்டுக்கு வரும். மாதந்தோறும் எழுதவேண்டிய கட்டாயத்தில் சொற்கள் தேய்ந்து வழவழப்பாகும். கலைச்சொல் பட்டியலைப் போடுவது வேறு, அந்தச் சொல்லை வேற்றுமை உருபு ஏற்றி, வினைமுற்றோடு முடித்து, ஒரு பக்கம் முழுவதும் ஓட்டிக் காட்டுவது வேறு. என் கணிப்பில் தமிழ் அறிவியல் நடைக்குக் குழுக்களைவிட இதழ்களே அதிகம் செய்தன.

1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழில் நடத்தும் பரிசோதனை தொடங்கியது. கல்வி அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். அவர் இயற்பியல் பட்டதாரி. இருந்தும் பரிசோதனை கலைப் பாடங்களில்தான் தொடங்கியது. அறிவியல் பின்னால் வந்தது, வேரூன்றவில்லை. பள்ளியில் தமிழில் மோல் கணக்குப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

இனி அந்த ஒற்று. தமிழில் உயிருக்கு நடுவே வரும் தனி ‘ட’ மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். இந்த இயல்பை நம்பித்தான் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆக்சைடு, குளோரைடு, சல்பைடு என்று ஒரு விகுதியையும், நைட்ரைட்டு, சல்பைட்டு என்று இன்னொரு விகுதியையும் அமைத்தன. கேட்க ஒழுங்காக இருக்கிறது, உருபு சேரும்வரை. வீடு, வீட்டில், நாடு, நாட்டில், காடு, காட்டில். டு என்று முடியும் இத்தகைய குற்றியலுகரச் சொற்கள் வேற்றுமையில் ஒற்று இரட்டும் என்பது நன்னூல் சொல்லும் விதி; படிக்காதவர் நாக்கும் அறியும் விதி. ரோடு என்ற அயற்சொல்லைக்கூட நாம் ‘ரோட்டில்’ என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் சல்பைடு என்ற சொல் உருபேற்றால் ‘சல்பைட்டில்’ ஆகும். சல்பைட்டு என்ற சொல் உருபேற்றாலும் ‘சல்பைட்டில்’தான். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள்: யாழ்ப்பாணம்வரை போகவே வேண்டியதில்லை. தமிழ் ஐயாவிடம் புணர்ச்சியை ஒழுங்காகக் கற்ற ஒரு கோபிச்செட்டிபாளையத்துப் பையன், அந்த வரியைச் சல்பைடு என்று எடுத்துக்கொண்டு 3.23 என்று எழுதினால் எந்த நியாயத்தில் தவறு போடுவது?

‘சல்பைடில்’ என்று இரட்டாமல் எழுதித் தப்பிக்கிறார்கள் சிலர். வேறு வழியில்லாதபோது அது சரி. ஆனால் நாக்குக்கு எதிரான எழுத்து நெடுநாள் நிற்பதில்லை, ‘ஆக்சைட்டில்’ என்று அச்சிலேயே அடிக்கடி வந்துவிடுகிறது. ஈழத்தார் இங்கே கூர்மையாக இருந்தார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் பேச்சில் ‘ற்ற’ நுனிநாக்கில் வன்மையாக ஒலிப்பதால் அதை ஒரு விகுதிக்கு ஒதுக்கினார்கள்: சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று. எந்த உருபு ஏறினாலும் குழப்பமில்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காற்றைக் காத்து என்றும் நேற்றை நேத்து என்றும் சொல்லும் ஊரில் சல்பேற்று ‘சல்பேத்து’ ஆகிவிடும்.

எண்ணிலும் அவர்கள் வழி வேறு. நாம் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். ‘டை’ என்றால் இரண்டு என்பதைத் தமிழ்க் குழந்தை தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ட்ரை, டெட்ரா, பென்டா என்று பட்டியல் போகும். அங்கே காபனீரொட்சைட்டு. ஈர், மூ, நால், ஐ என்ற முன்னொட்டுகள் வேதியியல் வகுப்புக்கு வருமுன்னரே குழந்தைக்குத் தெரிந்தவை. ஈராண்டு, மூவேந்தர், நாற்றிசை என்று தமிழ்ப் பாடத்திலேயே வந்தவை. பெயரைப் பார்த்ததும் வாய்பாடு கைக்கு வருகிறது. பாரிஸ் நால்வர் கேட்டது இதைத்தானே. மாறாக, வாசிக்க எளியது நம் முறை. காபனோரொட்சைட்டு என்ற சொல்லை முதன்முறை பார்ப்பவர் மூச்சு வாங்கித்தான் முடிப்பார்.

மோல் என்ற சொல்லை நாம் மாற்றவில்லை, நல்லவேளை. இலங்கையில் ‘மூல்’, மூலக்கூற்றின் நினைவு தற்செயலாக ஒட்டிக்கொண்டது. பழைய பாடநூல்களில் கிராம் மூலக்கூறு எடை என்று நீட்டிச் சொன்னதை இச்சிறு சொல் விழுங்கிவிட்டது. 2019 மே 20 முதல் அதன் வரையறையும் எளிமையாயிற்று: ஒரு மோலில் இருக்கும் துகள்கள் 6.02214076 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு. அதற்கு முன்வரை 12 கிராம் கார்பன்-12ஐச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மண்ணிலேயே கிடக்கிறது. கோவைக்கு அருகே மதுக்கரையில் சுண்ணாம்புக்கல், சேலத்தில் வெள்ளைக்கல். முன்னது கால்சியம் கார்பனேட்டு, பின்னது மக்னீசியம் கார்பனேட்டு. காளவாயில் இட்டுச் சுட்டால் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் 56 கிலோ ஆகும். 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றோடு போகும். வெள்ளைக்கல் 84 கிலோ சுட்டால் மிஞ்சுவது 40 கிலோ, போவது அதே 44. இரண்டிலும் போகிறது ஒரே எடை, ஏனென்றால் இரண்டு கல்லிலிருந்தும் மூலக்கூற்றுக்கு மூலக்கூறு வெளியேறுவது ஒரே வாயு. காளவாயில் வேலை செய்தவர்களுக்குச் சுட்ட கல் எடை குறையும் என்பது தெரியாததன்று. பாடநூல் கணக்குகளில் மதுக்கரையும் சேலமும் வருவதில்லை. மாநிலம் முழுவதற்கும் பொதுவான நூல் என்பதால் ஊர்ப் பெயருக்கு இடமில்லை போலும்.

ஓர் ஒற்றுக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டை நினைவூட்டலாம். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் அவ்வாண்டில் சுமார் 24,000 பேர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை வகையான சீட்டா ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. பழமா விலங்கா என்று யாருக்குத் தெரியும்? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10 அன்று, வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண்கள் வழங்க ஆணையிட்டது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் அத்தீர்ப்பையே நீக்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவாக அள்ளிக் கொடுப்பது நியாயமாகாது என்பதில் பொருள் உண்டு. ஆனால் பிழையான வரியை நம்பித் தவறான விடை எழுதிய மாணவருக்கு என்ன பரிகாரம் என்பது அப்படியே நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி.